பொருள்களின் படத்தை மட்டும் மாற்றினால் ஆட்டத்தின் உணர்வு மாறுமா?

கேள்வி: 2024 நவம்பர் 2, மாலை 6.15

மைன்கிராஃப்ட் என்ற கணினி ஆட்டத்தை, உயிர் பிழைப்பதே இலக்கான சர்வைவல் முறையில் இரண்டு ஆண்டுகளாக விளையாடுகிறேன். அதன் பளிச்சென்ற நிறங்கள் எனக்கு அலுத்துவிட்டன. ஆள் அரவமற்ற இடத்தில் தனியாக மாட்டிக்கொண்ட உணர்வு வர வேண்டும் என்று விரும்புகிறேன். வெளிச்சத்தையும் நிழலையும் மாற்றிக் காட்டும் ஷேடர் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். என் மடிக்கணினி அதைத் தாங்காது. பொருள்களின் படங்களை மட்டும் மாற்றும் டெக்ஸ்சர் பேக்குகள் சிலவற்றைப் பார்த்தேன். ரொட்டிக்கு ஒரு புதுப் படம், வாளுக்கு ஒரு புதுப் படம் என்பதெல்லாம் சட்டைக்குப் பொத்தான் மாற்றும் வேலை என்பது என் கருத்து. உணர்வை உண்டாக்குவது வானமும் வெளிச்சமும் ஒலியும்தான். மறுப்பவர் இருந்தால் காரணம் சொல்லி மறுக்கவும்.

நவம்பர் 3, இரவு 11.20

மறுக்கிறேன். வானம் முக்கியம்தான், ஆனால் நீங்கள் பயப்பட விரும்பும் இடத்தில் வானமே தெரியாது. சுரங்கத்துக்குள் வெகு ஆழம் இறங்கிய பிறகு தீப்பந்தம் தீர்ந்துபோன நேரத்தை நினைத்துப் பாருங்கள். சுவர் கறுப்பு, தரை கறுப்பு, கையில் பிடித்திருக்கும் கோடரியும் அந்த இடத்து வெளிச்ச அளவுக்கு ஏற்பக் கறுத்துவிடுகிறது. கறுக்காமல் இருப்பவை திரையின் அடியில் உள்ள 9 கட்டங்கள்தாம். ஆட்டம் அந்தக் கட்டங்களில் இருக்கும் பொருள்களை நள்ளிரவானாலும் குகையானாலும் முழு வெளிச்சத்தில்தான் வரைகிறது. இன்னும் எத்தனை தீப்பந்தம் இருக்கிறது, சாப்பிட எதுவும் மிச்சம் உண்டா, கோடரி உடையப் போகிறதா என்று கண் நிமிடத்துக்குப் பத்து முறை அங்கேதான் போய்வருகிறது.

ஆகவே ஒரு சோதனை செய்கிறேன். வானத்தையும் ஒலியையும் தரையும் சுவருமாக இருக்கும் சதுரக் கட்டைகளையும் தொட மாட்டேன். ஆட்டத்துக்கு இசையமைத்த டேனியல் ரோசன்ஃபெல்ட்டின் அந்த மெல்லிய பியானோ இசையும் அப்படியே இருக்கட்டும். 14 பொருள்களின் படங்களை மட்டும் மாற்றி என்ன நடக்கிறது என்று இங்கே எழுதுகிறேன்.

நவம்பர் 9, பிற்பகல் 3.05

முதல் முயற்சி தோல்வி. 14 படங்களையும் எடுத்து நிறச் செறிவைப் பாதியாகக் குறைத்து, மேலே சாம்பலும் பழுப்பும் பூசினேன். பார்ப்பதற்குத் துயரமாக இருக்கும் என்று நினைத்தேன். நடந்தது என்னவென்றால், எது சாப்பாடு, எது நிலக்கரி என்று எனக்கே தெரியவில்லை. எலும்புக்கூடு அம்பு விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ரொட்டி என்று நினைத்துத் தோல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே எனக்கு வந்தது பயம் இல்லை, எரிச்சல். சோகம் வேண்டும் என்றால் சாம்பல் நிறம் பூசினால் போதும் என்று நினைப்பது, கண்ணீர் வேண்டும் என்றால் வெங்காயம் உரித்தால் போதும் என்பதைப் போன்றது.

இரண்டாவது பிழை அளவு. ஆட்டத்தின் சொந்தப் படங்கள் 16-க்கு 16 பிக்சல். நான் ஆசைப்பட்டு ஐந்து பொருள்களை 64-க்கு 64 பிக்சலில் வரைந்தேன். மண்ணும் மரமும் கட்டம் கட்டமாக இருக்கும் உலகத்தில் என் ரொட்டி மட்டும் பத்திரிகையில் இருந்து கத்தரித்து ஒட்டியது போல் இருந்தது. அவற்றை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு 16-க்கே திரும்பினேன்.

மூன்றாவது, நான் கவனிக்காமல் விட்டது. வாள், கோடரி போன்ற கருவிகளைக் கையில் பிடிக்கும்போது ஆட்டம் அந்தப் படத்தைச் சாய்த்துப் பிடிக்கிறது. ஆகவே கைப்பிடி இடது கீழ் மூலையிலும் நுனி வலது மேல் மூலையிலும் இருக்குமாறு குறுக்காக வரைய வேண்டும். நான் இரும்பு வாளுக்குப் பதிலாக பாராங் என்ற மலாய் வெட்டுக்கத்தி ஒன்றை நெட்டாக நிற்க வைத்து வரைந்திருந்தேன். கையில் எடுத்தபோது அது சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டிய மீனைப் போல் இருந்தது.

நவம்பர் 10, காலை 9.40

"பேக் பட்டியலிலேயே வரவில்லை" என்று கேட்டவருக்கு: ஜிப் கோப்பைத் திறந்தவுடன் அஸெட்ஸ் கோப்புறையும் பேக்.எம்சிமெட்டா கோப்பும் நேராகக் கண்ணில் பட வேண்டும். நீங்கள் கோப்புறைக்குள் கோப்புறையாகக் கட்டியிருக்கிறீர்கள். ஆட்டம் 1.21.1 பதிப்பு என்றால் பேக்.எம்சிமெட்டாவில் எழுத வேண்டிய வடிவ எண் 34. ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை மூடித் திறக்க வேண்டியதில்லை, எஃப்3 விசையை அழுத்திக்கொண்டு டி அழுத்தினால் படங்கள் மீண்டும் ஏறிவிடும்.

நவம்பர் 17, இரவு 10.30

இந்த வாரம் ஒரு படத்தால் வீட்டில் வசை வாங்கினேன். அதை விரிவாக எழுதுவதற்குக் காரணம், என் சோதனையின் திசையே அதனால்தான் திரும்பியது.

ஆட்டத்தில் அழுகிய இறைச்சி என்று ஒன்று உண்டு. ஜோம்பியை, அதாவது நடமாடும் பிணத்தை, கொன்றால் அது விட்டுச்செல்வது. வேறு எதுவும் கிடைக்காதபோது தின்னலாம், ஆனால் பெரும்பாலும் வயிற்றைக் கெடுத்துப் பசியை இன்னும் வேகமாக ஏற்றிவிடும். அந்தப் படத்துக்குப் பதிலாக ஒரு சட்டியில் பழைய சோற்றை வரைந்தேன். ஏழ்மை, தனிமை, மிச்சம் மீதி என்று என் மனத்தில் ஏதோ ஒரு கணக்கு. அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா அது?"

"பழைய சோறும்மா. அவசரத்துக்குத் தின்னலாம், ஆனா தின்னா பசி கூடிடும்."

"பழையதைத் தின்னா பசி கூடுமா? யாருடா ஒனக்குச் சொன்னது? செம்பவாங்ல இருந்தப்ப ஒங்க தாத்தா அதைக் குடிச்சிட்டுத்தான் கப்பல் பட்டறைக்குப் போவாரு. மத்தியானம் வரைக்கும் பசின்னு சொன்னது கிடையாது."

அம்மா சொன்னது முற்றிலும் சரி. அதோடு, பிணத்தின் கையில் இருந்து விழுவது பழைய சோறு என்றால் அதில் பொருளும் இல்லை, மரியாதையும் இல்லை. படம் ஒன்று சொல்கிறது, பொருளின் நடத்தை வேறொன்று சொல்கிறது. இரண்டும் ஒட்டாதபோது விளையாடுகிறவர் அந்தப் படத்தை ஒரு வேஷமாகத்தான் பார்ப்பார். நான் சாம்பல் பூசியபோதும் 64 பிக்சலில் வரைந்தபோதும் செய்த தவறு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பொருள் எப்படித் தெரிய வேண்டும் என்று யோசித்தேனே தவிர, அது ஆட்டத்தில் என்ன செய்கிறது என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

அதன் பிறகு வேறு விதமாக யோசித்தேன். ஜோம்பி முன்பு மனிதனாக இருந்தது. மனிதனின் கையில் என்ன இருந்திருக்கும்? பழுப்புத் தாளில் கட்டி ரப்பர் பேண்டு போட்ட மதியச் சாப்பாட்டுப் பொட்டலம். உணவங்காடியில் நாம் வாங்கும் அதே பொட்டலம்தான். தாளுக்கு மூன்று பழுப்பு, எண்ணெய் ஊறிய இடத்துக்கு ஒரு கரும்பழுப்பு, ரப்பர் பேண்டுக்குக் குறுக்கே ஒரு வரிச் சிவப்பு. கெட்டுப்போன பொட்டலத்தைப் பிரித்துத் தின்றால் வயிறு கெடும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருட்டில் ஒரு ஜோம்பியை வெட்டி வீழ்த்தினேன். தரையில் அந்தப் பொட்டலம் மிதந்து சுழன்றது. கொஞ்ச நேரம் அதை எடுக்காமல் நின்றேன். இந்தச் சோதனையில் எனக்குள் ஏதோ அசைந்தது அப்போதுதான் முதல் முறை.

நவம்பர் 18, காலை 7.50

நேற்று எழுதியதில் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்குக் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். அழுகிய இறைச்சி பசியைத் தணிக்கும் புள்ளிகளில் 4 தரும். வயிறு கெடுவதற்கான வாய்ப்பு 80 விழுக்காடு. ஒப்பிட்டுப் பார்க்க, ரொட்டி 5 தரும், கெடுக்காது.

நவம்பர் 19, இரவு 9.15

காளான் கஞ்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் இதை ஒரு கட்டத்தில் ஒன்றுதான் வைக்கலாம். ரொட்டியைப் போல் 64 அடுக்க முடியாது. குடித்து முடித்தால் காலிக் கிண்ணம் அதே கட்டத்தில் மிஞ்சும். சாப்பிட்ட பிறகு பாத்திரம் கையில் மிஞ்சுகிறது என்பதே ஒரு தனிமையான செய்கை என்று எனக்குப் பட்டது. அதைக் கழுவ ஆள் இல்லை, வாங்கி வைக்கவும் ஆள் இல்லை.

எங்கள் சமையலறையில் ஒரு வெள்ளை எனாமல் கிண்ணம் இருக்கிறது, விளிம்பில் நீலக் கோடு போட்டது. அதை மேசையில் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். 16 பிக்சலில் கிண்ணத்தின் வளைவைக் கொண்டுவருவது கடினம். வாய் அகலம் 12 பிக்சல், அடி 6, இடையில் படிப்படியாகக் குறுக வேண்டும். வெள்ளை என்று நாம் நினைப்பது உண்மையில் வெள்ளை இல்லை. ஒளி படும் இடது பக்கம் லேசான மஞ்சள், நிழல் விழும் வலது பக்கம் நீலம் கலந்த சாம்பல். விளிம்பில் ஓர் இடத்தில் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரியும்; அதை ஒரே ஒரு கறுப்புப் புள்ளியாக வைத்தேன். "அது நீ எட்டு வயசுல கீழ போட்டது" என்றார் அம்மா. அந்தப் புள்ளியை வைத்ததும் கிண்ணம் யாரோ ஒருவருடைய கிண்ணம் ஆகிவிட்டது. மொத்தப் பேக்கிலும் அதிக வேலை செய்யும் பிக்சல் அதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

நவம்பர் 20, மதியம் 12.30

"மரப்பலகை மூன்றை வைத்துச் செய்யும் கிண்ணம் எப்படி எனாமல் ஆகும்? உங்கள் கொள்கையை நீங்களே மீறுகிறீர்கள்" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். உண்மை. பதில் இல்லை. கிண்ணத்தை மாற்றவும் மனம் இல்லை. பிழை பிழையாகவே இருக்கட்டும்.

நவம்பர் 24, மாலை 5.10

தீபாவளிக்குப் பிறகு இன்றுதான் அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள். தொடக்கநிலை 5 படிக்கிறாள், பள்ளி விடுமுறை. ஆர்வக்கோளாற்றில் இரண்டு புதிய யோசனைகளை அவளிடம் காட்டினேன், இரண்டும் சிரிப்பில் முடிந்தன.

முதலாவது, மருந்துப் புட்டிகள். அவற்றைக் கோப்பிக் கடையில் சிவப்புக் கயிறு கோத்துக் கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பையாக வரைந்தேன். இந்தப் படம் இரண்டு அடுக்காக வரும்: ஒன்று பாத்திரம், மற்றொன்று உள்ளே இருக்கும் திரவம். திரவத்தின் மேல் ஆட்டமே மருந்துக்கு ஏற்ற நிறத்தை ஏற்றிக்கொள்ளும், ஆகவே அந்த அடுக்கைச் சாம்பல் வெள்ளையாகத்தான் வரைய வேண்டும். இது தெரியாமல் முதலில் கோப்பி நிறத்திலேயே வரைந்துவிட்டேன். எல்லா மருந்தும் சேற்றுத் தண்ணீர் ஆனது. திருத்திய பிறகு உடல் தேற்றும் மருந்து இளஞ்சிவப்பாக வந்தது, அச்சு அசல் பந்தோங், பாலில் ரோஜாப் பாகு கலந்த பானம். தீயைத் தாங்கும் மருந்து தேத்தாரேக், அதாவது ஆற்றிய பால்தேநீர், நிறத்தில் வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டாவது, பசியைக் காட்டும் பத்துக் கோழிக்கால்களை இட்லியாக மாற்றினேன். கண்டிப்பாகச் சொன்னால் இது பொருள் இல்லை, திரையின் அளவுக்குறி. விதியை நானே மீறினேன். பத்து இட்லியும் வெள்ளை வெளேரென்று வரிசையாக இருக்கும்போது எவனுக்குப் பயம் வரும்?

"இது சர்வைவல் பேக் இல்லை, உணவங்காடி பேக்" என்று இங்கே ஒருவர் எழுதியதும் நியாயம்தான். நமக்குத் தெரிந்த பொருளைத் தெரியாத உலகத்தில் பார்த்தவுடன் முதலில் வருவது சிரிப்பு. பொட்டலமும் அதே கடையில் இருந்து வந்ததுதான், அதற்கு ஏன் யாரும் சிரிக்கவில்லை? பொட்டலம் யாரிடம் இருந்து விழுகிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பந்தோங் குடித்தால் காயம் ஆறுவதற்கு ஒரு காரணமும் இல்லை. பையையும் இட்லியையும் நீக்கிவிட்டேன்.

நவம்பர் 26, இரவு 10.05

பொருள்களின் பெயர்களையும் மாற்றலாமே என்று கேட்டவருக்கு: மாற்றலாம், மொழிக்கோப்பும் இதே பேக்குக்குள் போகும், ஆட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. நான் முயன்றேன். ஆனால் ஆட்டம் உயிர்க்குறிகளை எழுத்தோடு சேர்க்காமல் வரிசையாக அடுக்குவதால் என் திரையில் "சோறு" படிக்கும்படி வரவில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காத தமிழைப் பார்த்தால் தனிமை உணர்வு வருவதில்லை, அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் உணர்வுதான் வருகிறது. பெயர்களைத் தொடவில்லை.

டிசம்பர் 1, பிற்பகல் 2.45

விளக்கு. தீப்பந்தத்தை அரிக்கேன் விளக்காக மாற்ற ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். தீப்பந்தத்துக்குப் பொருள் படம் என்று தனியாக எதுவும் இல்லை. சுவரில் நிற்கும் கட்டையின் படத்தைத்தான் கட்டத்திலும் காட்டுகிறது. நான் அகலமான விளக்கை வரைந்ததும் கட்டத்தில் அழகாக இருந்தது, சுவரிலோ அதே படம் நான்கு பலகைகளாக ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு நின்றது. குடும்பத்தோடு தொங்கும் வௌவால் போல் இருந்தது என்று சொல்லலாம்.

பிறகுதான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். 2019-இல் வந்த 1.14 பதிப்பிலேயே லாந்தர் விளக்கு இருக்கிறது. ஒரு தீப்பந்தத்தைச் சுற்றி எட்டு இரும்புத் துணுக்குகளை வைத்தால் கிடைக்கும். அதற்குப் பொருள் படம் தனி, கட்டையின் படம் தனி. வெளிச்சம் 15, தீப்பந்தத்துக்கு 14. ஆகவே தீப்பந்தத்தை விட்டுவிட்டு லாந்தரின் பொருள் படத்தை மட்டும் மாற்றினேன்: கண்ணாடிக்குள் மஞ்சள், அதன் மேல் பகுதியில் புகை படிந்த ஒற்றை வரி. புகைக்கரி இருந்தால்தான் விளக்கு எரிந்த விளக்காகத் தெரிகிறது.

டிசம்பர் 5, இரவு 11.55

1.21.4 வந்துவிட்டது, கூடவே புகார்களும். பொருளின் வடிவத்தைச் சொல்லும் மாதிரிக் கோப்புகளுக்குள், ஒரே பொருளுக்குப் பல படம் காட்ட உதவிய ஓவர்ரைட்ஸ் பகுதியை எடுத்துவிட்டு, அந்த வேலையை ஐட்டம்ஸ் என்ற புதிய கோப்புறைக்கு மாற்றியிருக்கிறார்கள். வடிவ எண் 46. படத்தை மட்டும் மாற்றிய என்னைப் போன்றவர்களுக்கு எண்ணைத் திருத்தினால் போதும். ஒரே பொருளுக்குப் பல முகம் வைத்தவர்கள் உட்கார்ந்து எழுத வேண்டும். அனுதாபங்கள்.

டிசம்பர் 14, இரவு 12.20

வெளியே மூன்று நாளாக மழை. கடிகாரத்தை முடித்துவிட்டேன், அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

நான்கு தங்கக் கட்டிகளும் ரெட்ஸ்டோன் என்ற சிவப்புத் தூள் ஒன்றும் சேர்த்தால் கடிகாரம். நிலத்துக்கு அடியில் இருக்கும்போது மேலே பகலா இரவா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. அதன் படம் ஒன்று இல்லை, 64. ஆட்டத்தில் ஒரு நாள் என்பது நம்முடைய 20 நிமிடம், ஆகவே சுமார் 19 விநாடிக்கு ஒரு படம் மாறும். இத்தனை படங்கள் வாய்க்கும் பொருளை முள்ளும் வட்டமுமாக வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வீட்டு வரவேற்பறை ஜன்னலில் இருந்து எதிர் புளோக், அதாவது அடுக்குமாடிக் கட்டடம், தெரியும். அதையே வரைந்தேன். நான்கு மாடி, மாடிக்கு மூன்று ஜன்னல், மொத்தம் பன்னிரண்டு. பகலில் ஜன்னல்கள் எல்லாம் வெறும் கருநீலம். இங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கே இருட்டும். அந்த நேரத்தில் தாழ்வார விளக்குகள் எல்லாம் ஒரே நொடியில் எரியும், யாரோ ஒருவர் ஒரே விசையைத் தட்டியது போல. அதற்கு ஒரு படம். அதன் பிறகு வீடுகள் ஒவ்வொன்றாக: சமையலறையின் குழல்விளக்கு வெள்ளை, சாமி அறையின் சிவப்பு, பிள்ளை படிக்கும் அறையின் மஞ்சள். பத்து மணிக்கு மேல் அவை ஒவ்வொன்றாக அணைய வேண்டும். எந்த ஜன்னல் எப்போது அணைகிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு இரவு ஜன்னலோரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். எதிர் வீட்டார் என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று யோசிக்காமல் இருப்பதே நல்லது. நடுநிசிக்கு மேல் மூன்றாவது மாடியில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் எரிந்தது. இரண்டு இரவும் அதே ஜன்னல். நானும் அதை விடியும்வரை எரிய விட்டேன்.

குகைக்குள் கறுப்புக்கு நடுவில் நின்றுகொண்டு கட்டத்தைக் குனிந்து பார்த்தால், மேலே எங்கோ ஊர் ஒவ்வொரு விளக்காக அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. முதல் முறை அதைப் பார்த்தபோது ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

டிசம்பர் 15, காலை 10.10

நேற்று எழுதியது அழகாக இருந்தது, ஆட்டத்தில் அது பாதிதான் நடந்தது என்று இன்று காலையில் தெரிந்தது. சூரியன் மறையும் நேரத்தில் என் புளோக்கில் உச்சி வெயில், விடியும் நேரத்தில் நடுநிசி. முதல் படம் விடியல் என்று வைத்துக்கொண்டு வரைந்துவிட்டேன். ஆட்டத்துக்குப் பூஜ்ஜிய எண் படம் நண்பகல். 64 கோப்புகளுக்கும் பெயர் மாற்றினேன்: எண்ணில் இருந்து 16-ஐக் கழிக்க வேண்டும், கழிக்க முடியாதவற்றோடு 48-ஐக் கூட்ட வேண்டும். நேற்றிரவு நான் குடித்த தண்ணீர், ஆட்டக் கணக்குப்படி பார்த்தால், விடியற்காலையில் குடித்தது.

டிசம்பர் 22, மாலை 6.40

யாரும் திட்டமிடாத ஒன்று. ஆட்டத்தில் நெதர் என்ற பாதாள உலகம் உண்டு, அங்கே நேரம் என்பது இல்லை. அங்கே கடிகாரம் தாறுமாறாகச் சுழலும். எனக்கு இது தெரிந்ததுதான், ஆனால் மறந்துவிட்டேன். நேற்று நெதருக்குள் கால் வைத்ததும் என் புளோக்கின் பன்னிரண்டு ஜன்னல்களும் எரிந்து அணைந்து எரிந்து அணைந்து, பகலும் இரவும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஜுரத்தில் கிடக்கும்போது வீடு இப்படித்தான் தெரியும். நான் வரைந்த படங்களில் இருந்தே, நான் வரையாத ஒன்றை ஆட்டம் செய்துவிட்டது. முள் சுழன்றால் அது வேடிக்கை, வீடு சுழன்றால் வேறு.

கேள்வி கேட்டவர் "ஷேடரே இல்லாமல் இந்த அளவுக்கு வரும் என்று நினைக்கவில்லை, ஆனாலும் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாப் பொருளுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது" என்று எழுதியிருக்கிறார். சொல்ல முடியாதுதான். 14 படங்களில் வேலை செய்பவை மூன்று: பொட்டலம், கிண்ணம், கடிகாரம். லாந்தருக்குப் பாதி மதிப்பெண். பாராங் கத்தி நன்றாக இருக்கிறது, ஆனால் வாள் செய்வதைத்தான் செய்கிறது. மாயவித்தை ஏற்றியபின் அதன் மேல் ஊதா மினுமினுப்பு ஓடிப் புடவைக் கடைக் கண்ணாடிப் பெட்டி போல் ஆகிவிடுகிறது. அதை அமைப்புகளில் குறைத்து வைத்தேன். மற்ற ஒன்பதும், உங்கள் சொல்லையே கடன் வாங்கினால், பொத்தான்கள்.

டிசம்பர் 29, இரவு 8.30

பழைய படங்களே நன்றாக இருந்தன என்று ஒரு கிளைச் சண்டை ஓடுகிறது, அதற்கு ஒரு குறிப்பு. ஆட்டத்தின் ஓவியர் யாஸ்பர் பூர்ஸ்ட்ரா திருத்தி வரைந்த படங்கள் 2019-இல் 1.14 பதிப்போடு வந்தன. பழையவற்றை புரோகிராமர் ஆர்ட் என்ற பெயரில் பட்டியலிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள், இப்போதும் ஏற்றிப் பார்க்கலாம். புதியவை தெளிவானவை, ஒரே கையால் வரைந்தவை என்பது தெரியும். பழையவற்றில் ஒரு முரட்டுத்தனம் உண்டு. பழைய நெதர் கல்லைப் பாருங்கள், சதையா கல்லா என்று சொல்ல முடியாது. அந்தச் சந்தேகமே பாதிப் பயம். தெளிவாக வரையத் தெரிந்த கை, எங்கே தெளிவாக வரையக் கூடாது என்றும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. என் பொட்டலத்தில் எண்ணெய்க் கறையை நான் கறை என்று தெளிவாக வரைந்திருந்தேன். நேற்று அதில் இரண்டு புள்ளிகளை அழித்துவிட்டேன். இப்போது அது எண்ணெயா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

2025 ஜனவரி 12, மாலை 4.00

அக்கா மகள் டிசம்பர் கடைசியில் மூன்று மாலை இந்தப் பேக்கோடு விளையாடினாள். எதை மாற்றினேன் என்று நான் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி.

முதலில் என் தோல்வி. கிண்ணத்தின் விளிம்பில் இருந்த கறுப்புப் புள்ளியை அவள் கவனிக்கவே இல்லை. கேட்டபோது, "அது டெக்ஸ்சர் பிழைன்னு நினைச்சேன் மாமா" என்றாள். நவம்பர் 19 அன்று அடித்துச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் புள்ளி எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் வேலை செய்கிறது.

பொட்டலம் வேலை செய்தது. முன்பெல்லாம் அழுகிய இறைச்சியைப் பசி வந்தால் யோசிக்காமல் தின்பாள், மிச்சத்தை எரிமலைக் குழம்பில் எறிவாள். இந்த முறை ஒன்றைக்கூடத் தின்னவில்லை. இரண்டாம் நாள், "இந்த ஜோம்பி எல்லாம் வேலைக்குப் போய்க்கிட்டு இருந்துச்சா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பார்த்தபோது தன் வீட்டு வாசலுக்கு வெளியே ஒரு பெட்டி வைத்து எல்லாப் பொட்டலங்களையும் அதில் போட்டிருந்தாள். 37 இருந்தன. பசியளவு இரண்டரைக் கோழிக்காலுக்கு இறங்கியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அது அவங்களோடது" என்றாள்.

சாம்பல் பூசிய முதல் பேக்கை ஒப்பிடுவதற்காக அதே நாள் போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில், "ஸ்கிரீன் கெட்டுப்போச்சா?" என்றாள்.

ஜனவரி 14, இரவு 9.50

பொங்கலுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மாவிடம் கடிகாரத்தைக் காட்டினேன். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அணைவதைக் கடைசிவரை பார்த்தார். "அந்த மூணாவது மாடி லைட்டை மட்டும் யாரு அணைக்கிறது? கரண்ட் பில் ஏறாதா?" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "ஒடம்பு சரியில்லாதவங்க யாராச்சும் இருப்பாங்க" என்றார்.

பேக்கை இங்கே ஏற்றியிருக்கிறேன்: 1.21.4, வடிவ எண் 46. ஒன்பது பொத்தான்களையும் எடுத்துவிட்டதால் மொத்தம் ஐந்து பொருள். பதிவிறக்குபவர்களுக்கு மூன்றாவது மாடி ஜன்னல் விடியும்வரை எரியும். எங்கள் வீட்டுக் கணினியில் இருக்கும் பிரதியில் 36-ஆம் படத்தோடு அதை அணைத்துவிட்டேன்.